நாற்பது விநாடி பின்னால்

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றும் ஆட்டம் சண்டையில்தான் முடிந்தது. மைதானத்தில் இல்லை, எங்கள் முன்னறையில்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் திடீரென்று தொடையில் அடித்து, "போச்சு, போல்டு" என்றார். டிவியில் பந்து வீசுகிறவன் அப்போதுதான் பந்தைத் தேய்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தான். மேசையில் ஸ்பீக்கரில் கிடந்த ஃபோனிலிருந்து சைலுவின் குரல் வந்தது.

"யாருப்பா போல்டு? இங்க இதுக்கு முந்தின பந்தே இன்னும் வரல."

"உன் பொட்டி அப்படி. அதுக்கு நான் என்ன செய்ய?"

"சொல்லாம இருக்கலாம்லா. எல்லாத்தையும் நீங்க முன்னாடியே சொல்லிட்டா நான் எதுக்குப்பா உக்காந்து பாக்கணும்?"

"வாயத் தொறக்காமப் பாக்கதுக்குப் பேரு ஆட்டமால?"

சைலு ஃபோனை வைத்துவிட்டான். இவர் காதிலிருந்த இயர்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். அது கீரைக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து வைத்தேன். துடைக்கிற வேலை எப்போதும் என்னுடையது.

இந்த டைரி பாத்திரக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து பீரோவில் சும்மா கிடந்தது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதியவளுக்குத் தன் வீட்டு விஷயத்தை எழுத இத்தனை யோசனை. எழுதிவிடுகிறேன். இவருக்கு இப்போது கண் தெரியாது. இடது கண் போன வருடமே போய்விட்டது. வலது கண் ஆகஸ்டில். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கெடுத்துவிட்டதாம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கண் இரண்டும் முன்பு போலவே இருக்கின்றன. சர்வேயராக இருந்து ஊர் ஊராக நிலம் அளந்தவர், இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்கு எத்தனை அடி என்று எண்ணி நடக்கிறார்.

ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஒரே மகன் சைலுவுக்கு இது தெரியாது.

அக்டோபர் 6, திங்கள்

காஸ் வரவில்லை. மூன்று முறை ஃபோன் போட்டேன். கண் டாக்டரிடம் போய் வந்தோம். சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார். பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

நேற்று விட்டதை எழுதுகிறேன். ஏன் சைலுவிடம் சொல்லவில்லை என்று இதை யாராவது படித்தால் கேட்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் இவருக்கு நெஞ்சுவலி வந்தபோது அவன் புனேயில் இருந்தான். கேட்டவுடன் ஓடி வந்தான். இரண்டு மாதம் கூடவே இருந்தான். திரும்பிப் போனபோது வேலை இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, இந்த மார்ச்சில்தான் ஹாம்பர்க்கில் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்களாம். அதனால் இவர் என்னிடம், "அந்த ஆறு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் உன் வாயிலேருந்து ஒரு சொல்லு வரக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆறு மாதம் செப்டம்பர் முப்பதோடு முடிந்துவிட்டது. கேட்டேன். "தீபாவளி கழியட்டும்" என்கிறார்.

அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பிரியமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவன் ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து, ஆட்டம் நடந்தால் ஃபோனைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு இடத்தில் பார்ப்பார்கள். அதில் எல்லாம் பேசிவிடுவார்கள். அந்த ஒன்றை விட இவருக்கு மனமில்லை. அதனால் டிவியும் சின்னச் சத்தத்தில் ஓடுகிறது, இவர் காதில் பாக்கெட் ரேடியோவும் ஓடுகிறது. ரேடியோவில் கேட்டதைப் பார்த்தது போலச் சொல்கிறார்.

கஷ்டம் என்னவென்றால் ரேடியோ முதலில் வந்துவிடுகிறது.

அக்டோபர் 9, வியாழன்

கேபிள் ஆபீசுக்கு நேரில் போனேன். ஃபோனில் சொன்னால் "பொட்டியை அணைச்சுப் போடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பத்து முறை அணைத்துப் போட்டுவிட்டேன்.

அங்கே இயந்திரங்கள் அடுக்கின அறையைப் பார்த்துக்கொள்கிறவள் பேச்சியம்மாள் என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். டிப்ளமோ படித்தவள். நான் சொல்வதை ஒருவர் முழுதாகக் கேட்டது இந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"இது ரிப்பேரு இல்லம்மா" என்றாள். "ரேடியோவில வெறும் குரல்தான், இலேசு. சட்டுன்னு வந்துரும். டிவிக்குப் படம் வேணும்லா. அம்புட்டுப் பெரிய படத்தை அப்படியே அனுப்ப முடியாது. மைதானத்துலயே சுருக்கி, சாட்டிலைட்டுக்கு ஏத்தி, சேனல்காரன் இறக்கி, விளம்பரம், எழுத்து எல்லாம் சேத்து, மறுபடி சுருக்கி ஏத்துவான். நாங்க இங்க இறக்கி உங்க வீட்டுக்கு அனுப்பணும். உங்க பொட்டி அதை விரிச்சுக் காட்டணும். ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு ரெண்டு செகண்டு போயிரும்."

"எம் பையன் கம்ப்யூட்டர்ல பாக்கான். அவனுக்கு இன்னும் பிந்துது."

"இன்டர்நெட்டா? அது ரொம்பப் பிந்தும். படத்தைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புவாங்க. நடுவுல நின்னுரக் கூடாதுன்னு நாலஞ்சு துண்டு கையில சேர்ந்த பெறகுதான் ஓட ஆரம்பிக்கும். அரை நிமிசம், முக்கால் நிமிசம் ஆகும்."

"எல்லாத்தையும் ஒண்ணா வர வைக்க முடியாதா?"

"ஆளாளுக்கு ஒரு வழியில வருதும்மா. முந்தி வாரதை வேணும்னா நிறுத்தி வைக்கலாம். பிந்தி வாரதை முன்னால இழுக்க ஒருத்தராலயும் முடியாது."

வெளியே வந்தால் மழை. குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். ரேடியோ முதலில். கீழ் வீட்டு ஜெயசீலன் டிஷ் வைத்திருக்கிறார், அவர் வீட்டில் கத்துவது ஐந்து விநாடி கழித்து. எங்கள் கேபிள் எட்டு. சைலு நாற்பது. ஒரே பந்து நான்கு தடவை விழுகிறது.

இவர் அடக்கிப் பார்த்தார், பாவம். நான்கு ஓவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஓவரில் ஒரு சிக்ஸருக்கு, "ஏயப்பா" என்று எழுந்தேவிட்டார். ஸ்டூலில் இடித்துக்கொண்டார்.

"என்னப்பா சத்தம்?" என்றான் சைலு.

"ஒண்ணுமில்ல, உங்கம்மா ஸ்டூலை வழியில போட்டு வச்சிருக்கா."

கொஞ்ச நேரம் கழித்து அவன் மெதுவாகக் கேட்டான். "அப்பா, போன வருசம் புனேயில நானும் இன்டர்நெட்லதான பாத்தேன். அப்ப உங்களுக்கும் எனக்கும் இவ்வளவு வித்தியாசம் இல்லையே. அரை நிமிசம்தான் இருக்கும். இப்ப என்ன கூடிட்டு?"

"ஜெர்மனி தூரம்லா" என்றார் இவர்.

அவன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இவருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. ஸ்டூலைப் பரணில் போட்டேன். இருபது வருடமாக அது முன்னறையில் அதே இடத்தில்தான் கிடந்தது.

அக்டோபர் 16, வியாழன்

நான் ஒரு யோசனை சொன்னேன். ரேடியோ வேண்டாம், நான் டிவியைப் பார்த்து உங்கள் கையில் சாடை செய்கிறேன். ஒரு தட்டு நாலு, இரண்டு தட்டு ஆறு, கிள்ளினால் அவுட். மணிக்கட்டைப் பிடித்தால் பேசாதீர்கள் என்று அர்த்தம்.

"நான் என்ன வண்டி மாடா?" என்றார். ஆனால் மணிக்கட்டுச் சாடையை மட்டும் ஒத்துக்கொண்டார். வாய் மீறிப் போகும்போது பிடிக்கச் சொன்னார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

சைலு வீடியோவில் வந்தான். ஃபோனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, இவரை அதற்கு நேராக உட்கார வைத்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னாலேயே பழக்கியிருந்தேன். குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். சரியாகத்தான் இருந்தது.

"சட்டை எப்படிப்பா இருக்கு?" என்று சைலு எழுந்து நின்று காட்டினான்.

"ஜோராயிருக்குல."

"கலர் உங்களுக்குப் பிடிக்காதே?"

நான் குறுக்கே புகுந்து, "மஞ்சள்னா அப்பாவுக்குப் பிடிக்காதுதான். உனக்குப் போட்டா பிடிக்காமப் போகுமா?" என்றேன். இப்படியெல்லாம் சட்டென்று சொல்ல எங்கே கற்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபாவளி கழிந்துவிட்டது என்று நினைவுபடுத்தினேன். "கார்த்திகை வரட்டும்" என்கிறார்.

அக்டோபர் 25, சனி

ஒரு வழி கிடைத்தது. விட்டுவந்த குடையை எடுக்கப் போனபோது பேச்சியம்மாள் சொன்னாள். அதே வானொலியை ஃபோனில் ஆப் வழியாகக் கேட்டால் அதுவும் இன்டர்நெட்டில்தான் வருமாம், அரை நிமிடம் பிந்தித்தான் பேசுமாம். பழைய ஃபோனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு இன்று அதில் கேட்டார். சைலுவும் இவரும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கத்தினார்கள். "பாத்தியால", "பாத்தேம்ப்பா". இரண்டு மாதத்துக்குப் பிறகு இவர் முகத்தில் சிரிப்பு. வெண்டைக்காய்ப் பொரியல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத் தலைவலி.

நவம்பர் 2, ஞாயிறு

அந்த ஆப்பை நம்பினது என் தப்பு. அது ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. போன வாரம் முப்பத்தைந்து விநாடி பிந்தியது. இன்று ஆட்டம் பாதி போன பிறகு நடுவில் சுற்றிச் சுற்றி நின்றது, அப்புறம் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. இவருக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியும்?

முதல் தடவையாக சைலு முந்திக்கொண்டான். "அப்பா, என்ன கேட்ச்! பாத்தீங்களா?"

இவர் இயர்ஃபோனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார். பிறகு, "ஆமா. நல்ல பந்து" என்றார்.

"பந்தைச் சொல்லலப்பா. பிடிச்சதைக் கேக்கேன். யாரு பிடிச்சாம் பாத்தீங்களா?"

நான் மணிக்கட்டைப் பிடித்தேன். என்ன பிரயோஜனம்? பேசாமல் இருக்கச் சொல்லலாம், பதிலைச் சொல்ல முடியாது. கீப்பர்தான் பிடித்தான். அதற்கு எங்களிடம் சாடை இல்லை.

"கவரில நின்னவன்" என்றார் இவர்.

சைலு, "சரிப்பா" என்றான். மீதி ஆட்டம் முழுக்க அவன் ஒன்றுமே கேட்கவில்லை. இவர்தான் என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தார். ரேடியோ முந்தி வந்தபோது அப்பா எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்கிறாரே என்று கோபப்பட்டான். பிந்தி வந்ததும் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

காலையில் சைலு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மா, அப்பா நல்லா இருக்காருல்லா?"

"அவருக்கென்ன?"

"நேத்து ஒரு மாதிரி இருந்தாரு."

"வயசாகுதுல்லாப்பா. ஆட்டம் பாக்கும்போதே தூங்கி வழியுதாரு."

"தூக்கமா? வேற ஒண்ணும் இல்லையே?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

இதை எழுதும்போது கை கூசுகிறது. மாவு அரைக்கப் போக வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம். கம்ப்யூட்டர் சென்டரில் ஃபோனை இவர் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. இவர் சிமிட்டினார். ஏற்கவில்லை. நேராகப் பார்க்கச் சொன்னார்கள். "எதை நேரா?" என்று கேட்டார். ஏழு முறை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எட்டாவது முறை நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். உயிரோடு இருக்கிறார் என்று ஏற்றுக்கொண்டது.

ஆட்டோவில் வரும்போது, "வடிவு, இனிமே மூஞ்சியத் தொடாத, ஆளுங்க முன்னால" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆப் வேண்டாம் என்று இவர் பழைய பாக்கெட் ரேடியோவையே மாட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய்க்கு ஒரு கிலோ. சைலு இன்று மிகவும் மரியாதையாகப் பேசினான். இவர் முன்னாலேயே சொன்னபோதுகூடக் கோபப்படவில்லை. பதினாறாவது ஓவர் முடிந்தது. ரேடியோவில் விளம்பரம் வந்திருக்கும், இவர் இயர்ஃபோனைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

"அப்பா, நாயைப் பாத்தீங்களா?" என்றான் சைலு.

"எந்த நாய்?"

"மைதானத்துக்குள்ள வந்துட்டுல்லா. இப்பக் காட்டுதாம் பாருங்க."

அவனுக்கு இப்போது வருவது எனக்கு அரை நிமிடம் முன்பே வந்துவிடும். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாய் எதுவும் வரவில்லை.

இவர் சிரித்தார். "ஆமா ஆமா, பாத்தேன். போலீஸ்காரனையே ஓட விடுதுல்லா."

"என்ன கலருப்பா அது? எனக்கு இங்க சரியாத் தெரியல."

இவர் ஒரு நொடிதான் யோசித்தார். "கருப்பு. வாலு மட்டும் வெள்ளை. நம்ம பழைய வீட்டுத் தெருவுல ஒண்ணு கெடந்துச்சுல்லா, அந்த மாதிரி."

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன், விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாப்பா" என்றான் சைலு கடைசியில். "வாலு வெள்ளைதான்."

அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை இருந்தான். தோற்றது யார் என்று நான் கவனிக்கவில்லை.

இவருடைய மணிக்கட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. என் கை முழுக்கப் பூண்டு. கை ஒழியவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மாவு மில்லில் நிற்கும்போது ஃபோன் வந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து நின்றேன்.

"அம்மா, நாய் வரல."

"தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவனும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியுமா? தெரிஞ்சும் நீ பேசாம இருந்தியா?"

மில் வாசலை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

"ஒரு கண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்."

"எப்பலேருந்து?"

"ஆகஸ்டு."

அவன் எண்ணுகிறான் என்று தெரிந்தது. "செப்டம்பர்ல நான் கேட்டேன், அப்பா ஏன் மெசேஜுக்குப் பதில் போட மாட்டேங்காருன்னு. கண்ணாடி உடைஞ்சிட்டுன்னு சொன்ன. போன வாரம்கூடக் கேட்டேன்."

"அப்பாதாம்ப்பா சொல்லக் கூடாதுன்னு..."

"அவரு சொல்லாததுக்கு அவரு பதில் சொல்லட்டும். நான் உங்கிட்டதான கேட்டேன்? நேரா, ரெண்டு தடவை கேட்டேன். இனிமே நீ நல்லாயிருக்கேன்னு சொன்னா நான் எப்படிம்மா நம்ப?"

"ஆறு மாசம் முடியட்டும்னு..."

"முடிஞ்சு நாப்பது நாளாச்சு" என்றான். வைத்துவிட்டான்.

மாவை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டியிருந்தது.

டாக்டர் "பார்க்கலாம்" என்றார் என்று போன மாதம் எழுதியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நரம்பு செத்துவிட்டது, இனிமேல் வராது, இருட்டில் நடக்கப் பழக்குகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். விலாசமும் எழுதித் தந்தார். இந்த டைரியை ஒருவரும் படிக்கப் போவதில்லை. இதில்கூட ஏன் மாற்றி எழுதினேன்?

நவம்பர் 11, செவ்வாய்

சைலு அவரிடம் பேசிவிட்டான். அரை மணி நேரம். நான் அடுக்களையில் இருந்தேன். "ம்", "ம்" என்பது மட்டும் கேட்டது. நடுவில் ஒரு தடவை, "நீ வந்தேன்னா நான் கதவைத் தொறக்க மாட்டேன். வேலையைப் பாரு" என்றார். கடைசியில் குரல் இறங்கி, "லீவு கொடுத்தா வா" என்றார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நீதான சொன்ன?"

"நான் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க, வாலு வெள்ளைன்னு."

"அப்ப நாய் நெசமாவே வரலையா?"

"வரல."

"நீ டிவியப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் மணிக்கட்டைத் தானே ஒரு முறை தடவிக்கொண்டார். மேலே கேட்கவில்லை. காபி வேண்டாம் என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

சைலு தினமும் அவரைக் கூப்பிடுகிறான். என் ஃபோனுக்கு வருவதில்லை. அவர் ஃபோனுக்கு வருகிறது, நான் எடுத்துக் கையில் கொடுக்கிறேன். "அம்மா பேசுதேன்" என்றால், "அப்பாட்ட குடு" என்கிறான். அவ்வளவுதான்.

அவர் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். இரண்டு பேருக்கும் இடையில் எல்லாம் சரியாகிவிட்டது. பொய்யை யோசித்தவர் ஒருவர், கேட்டு ஏமாந்தவர் ஒருவர். அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். சொன்னவள் மட்டும் வெளியே நிற்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 17, திங்கள்

டாக்டர் கொடுத்த விலாசத்துக்குப் போய் விசாரித்தேன். வாரம் மூன்று நாள் கம்பு பிடித்து நடக்கப் பழக்குகிறார்கள். இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "கம்பு நீளமா, மடக்குறதா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 20, வியாழன்

மழை. துணி காயவில்லை. கரண்ட் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஆட்டம் ஆரம்பிக்க ஐந்து நிமிடம் முன்பு ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, இயர்ஃபோனக் கழட்டுங்க. ரேடியோ வேண்டாம். நான் சொல்லுதேன்."

"உனக்குத்தான் பிந்தி வருமேல."

"வரட்டும். உங்களுக்கு ஏதும் அவசரமா?"

இவர் சிரித்துவிட்டு இயர்ஃபோனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். டிவி சத்தத்தையும் முழுக்கக் குறைக்கச் சொன்னார். படம் மட்டும் ஓடியது, எனக்காக.

சைலுவுக்கு வர்ணனை செய்ய வரவில்லை. "வாரான், போடுதான், அடிச்சிட்டான், போகுது, போகுது... இருங்க, நின்னுட்டு. சுத்துது. இந்த நெட்டு ஒண்ணு. ஆங், வந்துட்டு. நாலு." யார் அடித்தது, எந்தப் பக்கம் அடித்தது ஒன்றும் இருக்காது. இவர் கேட்டுக் கேட்டு வாங்கினார். "எந்தக் கால்ல நின்னு அடிச்சான்? ஃபீல்டர் எங்க நிக்கான்? மொதல்ல அதைச் சொல்லுல. இடத்தைச் சொல்லாம அளவு சொல்லலாமா?" அவன் திணறித் திணறிச் சொன்னான்.

பன்னிரண்டாவது ஓவரில் கீழ் வீட்டில் ஜெயசீலன் வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து "ஐயோ" என்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது. என் டிவியில் ஸ்டம்பு பறந்தது. நம் ஆள்தான் அவுட்.

நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இவருடைய விரல் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேடியோ வைத்திருந்த நாளில் ஒரு பந்தைக்கூட வாய்க்குள் வைத்திருக்க முடியாத மனிதர். மேல் உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஃபோன் கிடந்த பக்கமாக உட்கார்ந்திருந்தார். "இந்த ஓவர்ல அடிப்பான்னு நெனைக்கேன்பா" என்று சைலு சொல்லிக்கொண்டிருந்தான். "அடிப்பான் அடிப்பான்" என்றார் இவர்.

பிறகு அங்கே அது வந்தது. "போச்சுப்பா. போல்டு."

"அடப்பாவி" என்றார் இவர், நெற்றியில் அடித்துக்கொண்டு. "எப்படிப் போனான்? சொல்லு."

ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க நின்றபோது சைலு, "அம்மா" என்றான்.

அவன் அப்படிக் கூப்பிட்டுப் பதின்மூன்று நாளாயிற்று. ஃபோனைக் கையில் எடுத்தேன்.

"ஸ்பீக்கரை அணைச்சிட்டு அடுக்களைக்குப் போ."

போனேன். கதவைச் சாத்தினேன்.

"கீழ் வீட்டுல கத்துனது எனக்கே கேட்டுதும்மா" என்றான். "ஃபோன்ல கேட்டுது. அப்பாவுக்குக் கேக்கலையா?"

அடுப்பில் பால் இருந்தது. அணைத்தேன். கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். சந்தோஷப்படுவான். ஜன்னல் சாத்தியிருந்தது, காது கொஞ்சம் மந்தம், தூங்கி வழிந்தார். எனக்குத்தான் சொல்லத் தெரியுமே.

"கேட்டுது" என்றேன். "நீ சொல்லுததுக்கு முன்னாலயே அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் நீ சொல்லட்டும்னு உக்காந்திருக்காரு."

சட்டென்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"நெசமாவா?" என்றான்.

"நெசம்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரிம்மா" என்றான். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"சாப்பிடு. ஃபோனை அவருட்ட குடு. ஆரம்பிக்கப் போகுது."

முன்னறைக்கு வந்தேன். டிவியில் ஆரம்பித்து ஒரு பந்தே போட்டாகிவிட்டது. புதிதாக வந்தவன் அதை நேராகத் தூக்கி அடித்திருந்தான், கீழ் வீட்டில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. இவர் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃபோனைக் கொடுத்தேன். "என்னல, விளம்பரம் முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.